இரண்டாவது அடுப்பு

ஆம்பூர் என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது தோலும் அல்ல, பாதரட்சையும் அல்ல, பிரியாணிதான். (சைவ நேயர்கள் சற்றே மன்னிக்க வேண்டும்.) சென்னையிலிருந்து பெங்களூருக்கு மோட்டாரில் பிரயாணம் செய்கிறவர்கள், பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த ஊரில் வண்டியை நிறுத்தி இறங்கிவிடுவது வழக்கம். சீரகச் சம்பா அரிசியையும் கத்தரிக்காய்த் தொக்கையும் புகழ்ந்து முடித்த பிறகு ரசிகர்கள் தவறாமல் ஒரு வாக்கியம் சேர்ப்பார்கள்: "எல்லாம் விறகடுப்புச் சமையல், ஐயா! அந்த ருசி காஸ் அடுப்பில் வருமா?"

இந்த வாக்கியத்தை நாம் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பிரியாணியைத் தம் போடும்போது, பாத்திரத்தை மூடி, மூடியின் மேலும் தணலை அள்ளிப் பரப்புகிறார்கள். அரிசியைப் பக்குவப்படுத்துவது அந்தத் தணலின் நிதானமான சூடு. நன்றாகக் கனிந்த தணல் ஏறக்குறையப் புகைவதே இல்லை. புகையெல்லாம் அதற்கு முன்பே, விறகு பற்றிக்கொள்ளும் நேரத்தில், வெளியேறிவிடுகிறது. ஆகவே, தணலின் பங்கு உண்பவருக்கும் புகையின் பங்கு சமைப்பவருக்குமாகப் பாகப்பிரிவினை நடந்துவிடுகிறது என்று சொல்லலாம். ஹோட்டல் சமையற்காரருக்காவது திறந்த கொட்டகையும் மாதச் சம்பளமும் உண்டு. அதே ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில், தாழ்ந்த கூரையின் கீழே, சம்பளமில்லாமல் அந்தப் புகையைக் குடிக்கிறவர்களைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உத்தேசம்.

ராணிப்பேட்டை தொடங்கி மேல்விஷாரம், வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டியும் அதன் அருகிலும் நீளும் பிரதேசம் தோலுக்குப் பேர்போனது. 2019-ம் வருஷத்தில் பழைய வேலூர் ஜில்லாவை மூன்றாகப் பிரித்ததில், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் ஜில்லாவைச் சேர்ந்துவிட்டன. ஆனால் தோலுக்கு ஜில்லா எல்லை ஏது? இங்கே பாதரட்சைத் தொழிற்சாலைகளில் தைப்பதும் ஒட்டுவதும் பெரும்பாலும் பெண்கள். பொழுது விடிந்ததும் தொழிற்சாலை வண்டி கிராமத்து முனையில் வந்து நிற்கும். அதற்குள் சோறும் குழம்பும் ஆகி, குழந்தைகளுக்குத் தலை வாரி, தானும் ஒரு பாத்திரத்தில் கட்டிக்கொண்டு புறப்பட வேண்டும்.

இத்தகைய வீடுகளில் பெரும்பாலும் இரண்டு அடுப்புகள் இருக்கும். உள்ளே ஒரு எரிவாயு அடுப்பு. பின்புறத்திலோ தாழ்வாரத்திலோ மண்ணால் பூசிய ஒரு விறகடுப்பு. பக்கத்தில் ஒரு ஊதுகுழலும், வேலிகாத்தான் மிளாரும், தென்னை மட்டையும், மழைக்கு நனையாமல் கோணி போர்த்திய வறட்டியும். அவசரமான காலை வேளைக்கு முதல் அடுப்பு. வெந்நீர், மாலைச் சோறு, பருப்பு, விருந்தாளி வந்த நாள், மாதக் கடைசி — இவற்றுக்கெல்லாம் இரண்டாவது அடுப்பு. இந்த இரண்டாவது அடுப்பு சர்க்கார் கணக்கில் அகப்படுவதில்லை என்பதுதான் வேடிக்கை.

அது எப்படி என்று சொல்கிறோம். தேசியக் குடும்ப நல ஆய்வு என்று ஒன்று நடக்கிறது. அதன் ஐந்தாவது சுற்றில், 2019–21-ல், தமிழ்நாட்டுக் குடும்பங்களில் 100-க்கு 82.9 சுத்தமான எரிபொருளில் சமைப்பதாகக் கண்டார்கள். இந்தியா முழுமைக்கும் அந்த எண் 58.6. நம் மாகாணத்துக்குப் பெருமைதான், சந்தேகமில்லை. 2007-ம் வருஷப் பொங்கலையொட்டித் தமிழ்நாட்டு சர்க்கார் இலவச எரிவாயு அடுப்பு கொடுக்கத் தொடங்கியதும், 2016 மே மாதத்தில் மத்திய சர்க்கார் உஜ்வலா திட்டத்தை ஆரம்பித்ததும் வீண்போகவில்லை. ஆனால், அந்த ஆய்வில் கேட்கும் கேள்வி, 'உங்கள் வீட்டில் முக்கியமாக எதைக் கொண்டு சமைக்கிறீர்கள்?' என்பது. முக்கியமாக! காலைச் சமையலை எரிவாயுவில் செய்கிறவள், 'காஸ்தான்' என்று பதில் சொல்லுவாள், பொய்யும் அல்ல. உடனே அவள் வீடு சுத்தமான வீடு என்று பதிவாகிவிடும். பின்புறத்து அடுப்பு புகைந்துகொண்டே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க வேறொரு கணக்கு இருக்கிறது. நாலைந்து பேர் கொண்ட குடும்பம் சமையல் முழுவதையும் எரிவாயுவில் செய்தால், 14.2 கிலோ சிலிண்டர் ஆண்டுக்கு எட்டாவது வேண்டியிருக்கும். உஜ்வலா திட்டத்தில் இணைப்புப் பெற்ற குடும்பங்கள் தேசம் முழுவதிலும் 2019–20-ல் சராசரியாக வாங்கியது மூன்று. 2023–24-ல் அது ஏறக்குறைய நான்காயிற்று. மற்ற நான்கும் எங்கே போயின? அவற்றின் இடத்தில் விறகு எரிந்தது என்பதைத் தவிர வேறு விடை அகப்படவில்லை.

எவ்வளவு விறகு? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ எரிவாயுவில் உலர்ந்த விறகைப் போல மூன்று மடங்கு உஷ்ணம் அடங்கியிருக்கிறது. அது மட்டுமல்ல. மூன்று கல் கூட்டிய அடுப்பில், விறகின் உஷ்ணத்தில் 100-க்கு 10 முதல் 15 பங்கே பாத்திரத்தைச் சேருகிறது. மீதி காற்றோடு போகிறது. எரிவாயு அடுப்பில் பாதிக்கு மேல் பாத்திரத்தைச் சேரும். இரண்டையும் சேர்த்துப் பெருக்கினால், ஒரு சிலிண்டர் செய்கிற வேலையைச் செய்ய ஏறக்குறைய 200 கிலோ விறகு வேண்டும். நான்கு சிலிண்டருக்கு 800 கிலோ. தலைச்சுமை ஒன்று 20 கிலோ என்று வைத்துக்கொண்டால், வருஷத்துக்கு 40 சுமை! அவற்றை வெட்டுவதும், முள் நீக்குவதும், கட்டுவதும், சுமப்பதும் யார் என்று நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சீமையிலிருந்து கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் கொண்டுவந்து விதைத்த வேலிகாத்தான் — தென்பாண்டிச் சீமையில் சீமைக் கருவேலம் என்பார்கள் — ஏரிக்கரையெல்லாம் பரவி நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று அதைத் திட்டாதவர் இல்லை. ஏழைகளின் அடுப்பு அணையாமல் இத்தனை காலம் காத்ததும் அதே முள் மரந்தான்.

இனி புகைக்கு வருவோம். புகை என்பது எரியாமல் தப்பிய விறகு, வேறொன்றுமில்லை. ஈர விறகில் நீரை ஆவியாக்குவதிலேயே சூடு செலவாகிவிடுவதால், மரத்திலிருந்து கிளம்பும் ஆவிகள் பற்றிக்கொள்ளாமலே வெளியேறுகின்றன. அதில் கரியமிலவாயுவைவிடக் கொடிய கார்பன் மோனாக்ஸைடும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களும் உண்டு. இரண்டரை மைக்ரானுக்கு உட்பட்ட துகள் என்றால், தலைமயிரின் கனத்தில் இருபதில் ஒரு பங்குதான். மூக்கும் தொண்டையும் அதைத் தடுக்க மாட்டா. நேரே நுரையீரலின் அடிவரை போய்விடும். 1980-களின் தொடக்கத்தில் கர்க் ஸ்மித் என்ற அமெரிக்க விஞ்ஞானி இந்திய நண்பர்களோடு குஜராத் கிராமங்களுக்குச் சென்று, சமைக்கும் பெண்களின் உடம்பிலேயே சிறு கருவியைப் பொருத்தி, அவர்கள் சுவாசிக்கும் காற்றை அளந்தார். 1983-ல் அந்த முடிவு வெளியாகும்வரை, காற்று மாசு என்றால் பட்டணத்து ஆலைப் புகை என்றே உலகத்து நிபுணர்கள் எண்ணியிருந்தார்கள். அடுப்பங்கரை அவர்கள் வரைபடத்தில் இல்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி, 2020-ம் வருஷத்தில் மட்டும் வீட்டு அடுப்புப் புகையால் உலகெங்கும் இறந்தவர்கள் 32 லட்சம் பேர். சுருட்டையும் பீடியையும் தொட்டறியாத ஸ்திரீக்கு, புகைபிடிப்பவருக்கு வரும் நுரையீரல் நோய் வருவது இந்த வழியாகத்தான். மாரடைப்பு, பக்கவாதம், கண்ணில் புரை ஆகியவற்றிலும் அடுப்புப் புகைக்குப் பங்கு உண்டு.

பாலாற்றங்கரைக்காரர்களுக்கு மாசு என்ற சொல் புதிதல்ல. தோல் பதனிடும் கழிவுநீர் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்ததற்காக வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1996 ஆகஸ்டு 28-ம் தேதி நீதிபதி குல்தீப் சிங் முதலானோர் அளித்த தீர்ப்பு இந்தியச் சட்டப் புத்தகங்களில் நிலைத்துவிட்டது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழ்பட்டதை எடுத்துக் காட்டி, மாசுபடுத்தியவனே நஷ்டத்தைக் கட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாகவே கோர்ட்டார் அங்கீகரித்தார்கள். தொழிற்சாலை ஒன்றுக்கு ரூ.10,000 அபராதமும் விதித்தார்கள். 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் அந்த விவகாரத்தை எடுத்து, நஷ்டஈட்டையும் ஆற்றைச் சீர்படுத்துவதையும் பற்றிக் கண்டிப்பான உத்தரவுகள் போட வேண்டியிருந்தது.

அந்தக் கோட்பாட்டைச் சமையலறைக்குள் கொண்டுபோனால் என்ன ஆகும்? புகையை உண்டாக்குகிறவள் ஓர் அம்மாள். புகையால் நஷ்டமடைகிறவளும் அதே அம்மாள். வாதியும் பிரதிவாதியும் ஒருவரே ஆகிவிட்டால், எந்தக் கோர்ட்டில் எந்த வக்கீல் எழுந்து நிற்பது? கெட்டுப்போன கிணற்று நீரைப் புட்டியில் பிடித்து நீதிபதியின் முன் வைக்கலாம்; இருமலைப் பிடித்து வைக்க முடியாது. ஆற்றின் வழக்கு இத்தனை வருஷம் பேசப்பட்டதற்கும், அடுப்பின் வழக்கு பேசப்படாததற்கும் இதைவிட வேறு காரணம் நமக்குத் தோன்றவில்லை.

பேசப்படவில்லை என்று முழுதும் சொல்வதும் நியாயமல்ல. காந்தியடிகள் 1934-ல் அகில இந்திய கிராமக் கைத்தொழிற் சங்கத்தை ஏற்படுத்தி, தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாவிடம் அதை ஒப்படைத்தார். அதன் தலைமையிடமான வார்தா மகன்வாடியில் ராட்டையையும் செக்கையும் ஆராய்ந்ததோடு, 'மகன் சூலா' என்ற புகையில்லா அடுப்பையும் பிரசாரம் செய்தார்கள். ஹைதராபாத் என்ஜினீயரிங் ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த எஸ். பி. ராஜு என்பவர், கோடிக்கணக்கானவர்களுக்குப் புகையில்லாச் சமையலறை அமைப்பது எப்படி என்று ஓர் ஆங்கிலப் புத்தகமே எழுதினார். அது 1953-ல் நம் சென்னையில் அச்சாயிற்று. பின்னர் 1983 முதல் 2002 வரை மத்திய சர்க்கார் ஒரு தேசியத் திட்டமே நடத்தி, மூன்று கோடிக்கு மேற்பட்ட புகைபோக்கி அடுப்புகளைக் கட்டிக் கொடுத்தது.

அவற்றில் இன்று எத்தனை கண்ணில் படுகின்றன? புகைபோக்கியில் ஒட்டடை அடைத்துக்கொண்டது. அடுப்பின் வாய் ஓர் அளவு, வீட்டுப் பானை வேறோர் அளவு. மண்சுவர் வெடித்தது. கட்டின கொத்தனாருக்கு எத்தனை கட்டினோம் என்பதுதான் கணக்கு. கட்டினது ஊதுகிறதா, இழுக்கிறதா என்று மறுமாதம் வந்து பார்க்க யாருக்கும் உத்தரவில்லை. ஒரிஸாவில் இத்தகைய அடுப்புகளை எஸ்தர் டுஃப்ளோ முதலிய பொருளாதார நிபுணர்கள் பல வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் வருஷத்தில் புகை குறைந்தது. அதற்கப்புறம் பழுதுபார்க்காததாலும், முறைப்படி உபயோகிக்காததாலும், பலன் மறைந்துவிட்டது. பெண்கள் பழமையில் பற்றுள்ளவர்கள், புதிதை ஏற்க மாட்டார்கள் என்று அப்போது சிலர் தீர்ப்புக் கூறினார்கள். அந்தத் தீர்ப்பு தவறு என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ருசு கிடைத்திருக்கிறது.

அந்தச் சங்கதி சுவாரஸ்யமானது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர், விழுப்புரம்–கள்ளக்குறிச்சிப் பகுதியிலும் நாகப்பட்டினத்திலும் ஒரு பெரிய பரிசோதனையை நடத்தினார்கள். குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய தேசங்களிலும் அதே சமயத்தில் அதே பரிசோதனை நடந்தது. நான்கு தேசத்திலுமாக ஏறக்குறைய 3,200 கர்ப்பிணிகள். சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்கு எரிவாயு அடுப்பையும், 18 மாதத்துக்கு வேண்டிய எரிவாயு முழுவதையும் வீட்டு வாசலிலேயே இலவசமாகக் கொடுத்தார்கள். மற்றப் பாதிப் பேர் வழக்கம்போல விறகிலோ வறட்டியிலோ சமைத்தார்கள்.

நடந்தது என்ன? எரிவாயு பெற்றவர்கள் பழைய அடுப்பை அநேகமாகக் கைவிட்டே விட்டார்கள். ருசி குறைந்துவிட்டது, மாமியார் கோபித்துக்கொண்டாள் என்று யாரும் பின்புறத்துக்குத் திரும்பவில்லை! ஒரு கன மீட்டர் காற்றில் விறகடுப்புப் பெண்கள் சுவாசித்த நுண்துகள் 70.7 மைக்ரோகிராம், எரிவாயுப் பெண்கள் சுவாசித்தது 24. மூன்றில் ஒரு பங்கு! பற்று பழமையில் அல்ல, சிலிண்டரின் விலையில்தான் சிக்கல் என்பது இதைவிடத் தெளிவாக எப்படி விளங்கும்?

ஆனால், அதே பரிசோதனையின் மற்றொரு பாதியை மறைத்துவிட்டு மேலே போவது பத்திரிகை தர்மம் ஆகாது. 2022-ல் வெளியான முடிவின்படி, எரிவாயு வீட்டுக் குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 2,921 கிராம்; விறகு வீட்டுக் குழந்தைகளுடையது 2,898 கிராம். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கக்கூடிய அளவுதான் என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வரும் கடுமையான நிமோனியாவும் எதிர்பார்த்தபடி குறையவில்லை என்று 2024-ல் தெரிந்தது. அப்படியானால் புகையால் கெடுதி இல்லையா என்று சிலர் குதிக்கக்கூடும். குதிக்க வேண்டாம். சிறு பெண்ணாக அடுப்பின் முன் உட்கார்ந்த நாள் முதல் நுரையீரலில் படிந்தது, கர்ப்பத்தின் நடுவில் அடுப்பை மாற்றினதும் கழுவிக்கொண்டு போய்விடுமா? தவிர, தன் வீட்டு அடுப்பை அணைத்தவளுக்கும் அடுத்த வீட்டுப் புகை கூரை வழியாக வந்துகொண்டுதான் இருக்கிறது. சிசுவின் எடை ஒன்றே தாயின் சௌக்கியத்துக்கு அளவுகோல் என்று நினைப்பதும் நமக்குச் சம்மதமில்லை. அவள் கண்ணெரிச்சல் நின்றதையும், சுமை குறைந்ததையும், இருமாமல் தூங்கியதையும் எந்தத் தராசில் நிறுப்பது?

தோல் பிரதேசத்துக்கே உரிய எச்சரிக்கை ஒன்றை இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். முற்காலத்தில் தோலை ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதனிட்டார்கள். சாறு இறங்கிய பட்டைச் சக்கை வெறும் மரப்பட்டைதான். காய வைத்து எரித்தால் மற்ற விறகைப் போலவே எரியும். பிற்பாடு வந்த குரோம் முறை அப்படியல்ல. (சென்னைக்கு அருகிலுள்ள குரோம்பேட்டை பெயர் பெற்றதே ஒரு குரோம் தோல் கம்பெனியால்தான் என்பதைப் பலர் அறியார்கள்.) குரோம் தோலில் உள்ள குரோமியம், தோலாக இருக்கும்வரை பெரும்பாலும் சாதுவானது. அதையே காற்றுப் படும்படி நெருப்பில் இட்டால், ஒரு பகுதி வேறு உருவம் எடுக்கிறது; புற்றுநோய் விளைவிக்கக்கூடிய அந்த உருவம் தண்ணீரில் எளிதில் கரையும். எனவே, கத்தரித்து எறிந்த தோல் துண்டையும், செருப்பு அடியின் ரப்பரையும், 'சும்மா கிடக்கிறதே, பற்றவைக்க உதவும்' என்று யாரும் அடுப்பில் போடலாகாது. போட்டால் புகையோடு போகாது, சாம்பலிலும் நிற்கும். நம் தேசத்தில் அடுப்புச் சாம்பலை எடுத்துப் பாத்திரம் துலக்குகிறோம் என்பதையும், கீரைப் பாத்திக்குத் தூவுகிறோம் என்பதையும் நினைத்தால் விபரீதம் விளங்கும்.

கடைசியாக, பணம். 2025 ஏப்ரலில் சென்னையில் ஒரு சிலிண்டர் ரூ.868.50. உஜ்வலாக் குடும்பத்துக்கு அதில் 300 ரூபாய் சர்க்கார் உதவி உண்டு. 2025–26-ல் ஆண்டுக்கு ஒன்பது சிலிண்டர் வரையில் அந்த உதவி என்று நிர்ணயித்தார்கள். நல்ல உதவிதான். ஆயினும் முழு விலையையும் முதலில் கையிலிருந்து கொடுத்தாக வேண்டும். 300 ரூபாய் பிறகு பாங்கிக் கணக்கில் வந்து சேரும். வேலிகாத்தான் முள்ளுக்கு முன்பணம் கிடையாது. ஒரு நாள் கூலியைவிட அதிகமான தொகையை மாதத்தின் இருபத்தைந்தாம் தேதி மொத்தமாக எடுத்து வைக்க முடியாத வீட்டில், சிலிண்டர் தீர்ந்த அன்றே பின்புறத்து அடுப்பு பற்றிக்கொள்கிறது; சம்பளம் வரும்வரை அணைவதில்லை. 5 கிலோ சிறு சிலிண்டர் இதற்காகவே ஏற்பட்டது. அதைக் கிராமத்துக்குக் கிராமம், பால் வண்டியைப் போல, ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுக்க ஆள் வேண்டும். தொழிற்சாலைகள் பெண்களை ஏற்றிக்கொண்டு போக வண்டி அனுப்புகின்றன. அந்த வண்டியே திரும்பி வரும்போது சம்பளத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கான சீட்டைக் கொண்டுவரலாகாதா என்று முதலாளிமாரைக் கேட்கிறோம்.

நேயர்களில் பெரும்பாலோர் வீட்டில் இரண்டு சிலிண்டர் இருக்கும். ஒன்று தீர்ந்தால் மற்றொன்று தயார். நம் வீட்டுப் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளுக்கு வருஷத்துக்கு எத்தனை வருகிறது என்று இந்த வாரம் விசாரித்துப் பாருங்கள். மூன்று அல்லது நான்கு என்று சொன்னால், நாலாவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில் அவள் வாங்கும் முன்பணத்தை இரண்டு மாதத்தில் கழித்துக்கொள்ளலாம்.